வேலிக்கு அப்பால் வாழ்வோரும் பங்காளரே

(வட கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் நடைபெற்ற தமிழர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெருநிறுவனங்களும் அவற்றின் அருகில் வாழும் மக்களும் இணைந்து சுற்றுச்சூழலைப் பேணுவது எவ்வாறு என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பாகும். இத்துறையில் நான் அறிஞன் அல்லன். இந்நாட்டு நிறுவனங்களில் நீண்ட காலம் பொறியாளனாகப் பணியாற்றியவன் என்ற ஒரே தகுதியோடு உங்கள் முன் நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த நிறுவனம் அருகிலுள்ள குடியிருப்பில் மரக்கன்று நடும் விழாவொன்றை நடத்தியது. நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டைகளை அணிந்துகொண்டு நாங்கள் அனைவரும் சென்றோம்; கன்றுகளை நட்டோம்; படம் எடுத்துக்கொண்டோம். அப்போது அத்தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் என்னருகே வந்து, எங்கள் கட்டடத்தின் பின்புறம் நிற்கும் தொட்டிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பல ஆண்டுகள் அங்கே வேலை செய்திருந்தும் எனக்கு விடை தெரியவில்லை. கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். அதைப் பற்றி வெளியாரிடம் பேச எனக்கு அதிகாரம் இல்லை என்பதே மறுமொழியாகக் கிடைத்தது. அந்த மூதாட்டியிடம் நான் திரும்பிச் செல்லவேயில்லை.

மரம் நடுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மரக்கன்று என்பது நிறுவனம் தானாக மனமுவந்து கொடுப்பது. தொட்டியில் என்ன இருக்கிறது என்பதோ அயலவர் கேட்பது. கொடுப்பதை மட்டும் கொடுத்துவிட்டு, கேட்பதற்கு விடை மறுப்பது நன்கொடையாகலாம், ஒத்துழைப்பு ஆகாது. அயலவர் அறிந்துகொள்ளவும், எழுத்தில் பெறவும், தம் கையாலேயே அளந்து பார்க்கவும் முடிகின்ற இடத்தில்தான் ஒத்துழைப்பு தொடங்குகிறது. இம்மூன்றும் அமெரிக்காவில் எவ்வாறு வந்தன என்பதையும், நம் தாயகங்களுக்கு அவற்றில் எது வேண்டும் என்பதையும் இன்று சொல்ல விழைகிறேன்.

நம் காலடியிலுள்ள நிலம்

நம்மிற் பலர் வாழும் இந்தச் சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்குவோம். புகைபோக்கி இல்லாத தொழில் என்று நம் தொழிலைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 1981ஆம் ஆண்டின் இறுதியில், தெற்கு சான் ஓசேயில் இயங்கிய ஃபேர்சைல்டு சில்லு ஆலையின் நிலத்தடித் தொட்டி ஒழுகி, அதிலிருந்த கரைப்பான் அருகிலிருந்த குடிநீர்க் கிணற்றில் கலந்திருந்தது தெரியவந்தது. லாஸ் பசேயோஸ் என்னும் குடியிருப்பில் கருச்சிதைவுகளும் பிறவிக் குறைகளும் மிகுதியாக உள்ளன என்று அங்கு வாழ்ந்த தாய்மார்களே முதலில் குரல் எழுப்பினர். பின்னர் மாநிலச் சுகாதாரத் துறை ஆராய்ந்தபோது, எண்ணிக்கை மிகுதியாக இருந்தது உறுதியாயிற்று. ஆனால் குடிநீர்தான் காரணம் என்று அந்த ஆய்வால் நிறுவ இயலவில்லை.

அதன் விளைவாக 1982ஆம் ஆண்டு சிலிக்கான் பள்ளத்தாக்கு நச்சுப்பொருள் எதிர்ப்புக் கூட்டமைப்பு உருவாயிற்று. தீயணைப்புத் துறையினர், நிறுவனங்கள், தொழிற்சங்கத்தினர், ஊர்மக்கள் ஆகியோர் வாதாடி, 1983ஆம் ஆண்டு நச்சுப்பொருட்களைச் சேமித்து வைப்பது பற்றிய மாதிரி விதிகளை வகுத்தனர். இரட்டைச் சுவர்த் தொட்டியும் கசிவைக் கண்டறியும் ஏற்பாடும் கட்டாயமாயின. இன்றும் சாண்டா கிளாரா கவுண்டியில் 23 இடங்கள் நடுவண் அரசின் நச்சு நிலப் பட்டியலில் இடம்பெற்றவை. அமெரிக்காவின் வேறெந்தக் கவுண்டியிலும் இத்தனை இல்லை. எனவே, உறவுகளே, வேலிக்கு அப்பால் வாழ்வோர் என்று நான் சொல்லும்போது யாரோ ஏழைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நாமும் நம் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம்.

அறியும் உரிமை: நியூ ஜெர்சி

1980 ஏப்ரல் 21ஆம் நாள் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் வேதிக்கழிவுக் கிடங்கொன்று வெடித்துத் தீப்பற்றியது. ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் என்னென்ன இருந்தன என்பதைத் தீயை அணைக்கச் சென்றவர்களும் அறிந்திருக்கவில்லை. புகையைச் சுவாசித்த மக்களும் அறிந்திருக்கவில்லை. இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில், தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒன்றுபட்டுப் போராடியதன் பயனாக, 1983ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் தொழிலாளர் மற்றும் சமூகத்தின் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆலையில் என்ன வேதிப்பொருள் உள்ளது என்பதைத் தொழிலாளி மட்டுமன்றி அயலவரும் கேட்டறியலாம் என்று அச்சட்டம் வகுத்தது.

அடுத்த ஆண்டு, 1984 டிசம்பரில், போபால் நிகழ்ந்தது. 1985 ஆகஸ்டில் அதே யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனிய ஆலையிலும் நச்சுவளி கசிந்தது. நம் ஊரிலும் இது நிகழலாம் என்று அமெரிக்க மக்கள் அஞ்சினர். 1986ஆம் ஆண்டு நடுவண் சட்டம் வந்தது. அதன்படி, வரையறுக்கப்பட்ட வகையைச் சேர்ந்த ஆலைகள் தாம் காற்றிலும் நீரிலும் நிலத்திலும் எவ்வளவு நச்சுப்பொருளை வெளியேற்றின என்பதை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். அந்த ஏட்டை எவரும் பார்வையிடலாம்.

இதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். போபால் மக்களின் சாவு அமெரிக்க அயலவருக்கு ஓர் உரிமையைப் பெற்றுத்தந்தது. இந்தியாவிலும் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆலையின் ஆபத்துகளை அருகில் வாழும் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஆயினும் ஆலை வாரியாக, வேதிப்பொருள் வாரியாக, ஆண்டுதோறும் வெளியாகும் அத்தகைய பொது ஏடு இன்றளவும் அங்கே இல்லை. சாவு நம்முடையது, பாடம் கற்றவர்கள் வேறொருவர்.

எழுத்தில் பெறுதல்: டெக்சாஸ்

அறிந்துகொண்டால் மட்டும் போதுமா? ஹூஸ்டன் கப்பற்கால்வாயை ஒட்டிய மான்செஸ்டர் என்னும் குடியிருப்பைச் சற்றே நோக்குவோம். சுற்றிலும் ஆலைகள் சூழ்ந்த, பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த உழைக்கும் மக்கள் வாழும் பகுதி அது. 1992ஆம் ஆண்டு, அங்கிருந்த ரோன்-பூலங்க் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கந்தக அமில ஆலையில் விபத்து நேர்ந்தது. நிறுவனத்தின் இயக்க உரிமம் அரசின் பரிசீலனையில் இருந்த நேரம் அது. ஊரார் டெக்சன்ஸ் யுனைடெட் என்னும் அமைப்போடு சேர்ந்து நிறுவனத்துடன் பேச்சு நடத்தினர்.

அப்பேச்சின் முடிவில் உருவான உடன்படிக்கையின் கூறுகள் கவனத்திற்குரியவை. தனித்தியங்கும் வல்லுநர் ஒருவர் ஆலையை ஆய்வு செய்வார். செலவு நிறுவனத்துடையது, ஆனால் வல்லுநர் ஊராரின் ஒப்புதலைப் பெற்றவராக இருத்தல் வேண்டும். ஆய்வின்போது ஊராரின் பேராளர்களும் உடன் செல்வர். விபத்து மற்றும் கழிவு பற்றிய ஆவணங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். வல்லுநரின் பரிந்துரைகளை நிறைவேற்றுவது குறித்து நிறுவனம் நேர்மையோடு பேச வேண்டும். இவற்றை நிறுவனத்தின் நல்லெண்ண அறிக்கையாக விட்டுவிடாமல், அரசு அளித்த உரிமத்தின் நிபந்தனையாகவே சேர்த்தனர் என்பதே இதன் சிறப்பு. உடன்படிக்கையை மீறினால் உரிமத்தை மீறியதாகும். இதை இங்கே நல்லயலார் உடன்படிக்கை என்று அழைக்கின்றனர்.

அளந்து பார்த்தல்: ரோடியோ

நாம் கூடியிருக்கும் இவ்விடத்திலிருந்து சிறிது நேரப் பயணத்தில், சான் பாப்லோ விரிகுடாவின் கரையில், ரோடியோ, குரோக்கெட் என்ற இரு சிற்றூர்கள் உள்ளன. அவற்றின் நடுவே யூனோகால் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிவந்தது. 1994 ஆகஸ்ட் 22ஆம் நாள் அவ்வாலையிலிருந்து கேட்டகார்ப் என்னும் வேதிக்கரைசல் கசிந்து காற்றில் பரவத் தொடங்கியது. ஆலையை உடனே நிறுத்தவில்லை. செப்டம்பர் 6 வரை, ஏறத்தாழ 16 நாட்கள், கசிவு தொடர்ந்தது. ஊர்மக்களும் அண்டைக் கிடங்கின் தொழிலாளர்களும் நோயுற்றனர்.

அதே காலத்தில் அந்நிறுவனம் மாசு குறைந்த பெட்ரோல் தயாரிப்பதற்கான திட்டமொன்றுக்குக் கோன்ட்ரா கோஸ்டா கவுண்டியின் நிலப்பயன்பாட்டு அனுமதியைக் கோரிநின்றது. ஊரார் அத்தருணத்தை நழுவவிடவில்லை. திட்டத்தையே தடுப்போம் என்று பிடிவாதம் பிடிக்காமல், எங்கள் நிபந்தனைகளை ஏற்றால் எதிர்க்கமாட்டோம் என்றனர். அவ்வாறு பிறந்ததே ரோடியோவின் நல்லயலார் உடன்படிக்கை. ஆலையின் வேலியோரம் இரவும் பகலும் காற்றை அளக்கும் ஒளிக்கற்றைக் கருவிகளை நிறுவனம் தன் செலவில் நிறுவ வேண்டும் என்பது அதன் முதன்மையான கூறு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அக்கட்டுப்பாடு நிலத்தின் அனுமதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1997ஆம் ஆண்டு ஆலை டோஸ்கோ நிறுவனத்துக்குக் கைமாறியது. பின்னர் பிலிப்ஸ், 2002இல் கோனகோபிலிப்ஸ், 2012இல் பிலிப்ஸ் 66 என்று பெயர்ப்பலகைகள் மாறின. 2024ஆம் ஆண்டு அங்கே கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பது நின்று, தாவர எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எரிபொருள் செய்யும் ஆலையாக அது மாறியது. முதலாளிகள் மாறினாலும் வேலி மாறவில்லை. வேலியோரம் அளக்க வேண்டிய கடமையும் மாறவில்லை. ஒரு நல்ல மேலாளரின் வாய்ச்சொல்லை நம்பியிருந்தால், அவர் மாற்றலாகிப் போன அன்றே அது காற்றோடு போயிருக்கும்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று கூறி உங்களை மயக்க நான் விரும்பவில்லை. கருவிகளை ஒழுங்காக இயங்கச் செய்யவும், அவை காட்டும் எண்களைப் பொதுமக்களுக்குப் புரியும் வகையில் வெளியிடச் செய்யவும் ஊரார் பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. 2012 ஆகஸ்டில் அண்டை நகரமான ரிச்மண்டில் ஷெவ்ரான் ஆலை தீப்பற்றி, ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவியை நாடினர். அதன்பிறகே 2016இல் இவ்வட்டாரத்தின் காற்றுத்தர வாரியமும், 2017இல் கலிபோர்னியச் சட்டமன்றமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலியோரக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கின. சிற்றூர் மக்கள் கேட்டுப் பெற்றது மாநிலச் சட்டமாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வாளி சென்ற வழி

அவ்வூர்களிலிருந்து இன்னொன்றும் உலகெங்கும் பரவியது. நிறுவனம் தரும் எண்ணை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று எண்ணியவர்கள், 1995ஆம் ஆண்டு, எளிய காற்றுமாதிரிக் கருவி ஒன்றை உருவாக்கச் செய்தனர். வண்ணப்பூச்சு விற்கும் பிளாஸ்டிக் வாளி போன்றதுதான் அது. உள்ளே சிறப்புவகைப் பை ஒன்று இருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பு வெளியே உறிஞ்சும்போது, வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிரம்பும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்தெந்த வளிகள் எவ்வளவு உள்ளன என்பது தெரிந்துவிடும். துர்நாற்றம் எழுந்த அந்த நேரத்திலேயே, அதைச் சுவாசிப்பவரே சான்றைப் பிடித்துவைக்கலாம் என்பதுதான் இதன் ஆற்றல்.

அந்த வாளி 2004ஆம் ஆண்டு நம் கடலூருக்கு வந்தது. உப்பனாற்றங்கரையில் 1980களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்களையும் உங்களிற் சிலர் அறிந்திருக்கலாம். நாற்றம் தாங்க முடியவில்லை என்று அம்மக்கள் முறையிட்டபோதெல்லாம், அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் காற்று திசைமாறிவிடும். அவ்வூர்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் அணிதிரண்டனர். எந்த நாள், எந்த நேரம், காற்று எத்திசை, நாற்றம் எதைப் போன்றது என்று குறிப்பேட்டில் எழுதினர். அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா, பிணவாடையா என்று தம் மூக்கையே கருவியாக்கினர். வாளியில் பிடித்த காற்றை ஆய்வகத்தில் சோதித்து, 2004 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 22 நச்சு வேதிப்பொருட்கள் கண்டறியப்பட்டிருந்தன. அவற்றுள் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. உச்ச நீதிமன்றம் அமைத்த கழிவு மேலாண்மைக் கண்காணிப்புக் குழுவும் அவ்வாண்டு கடலூருக்கு நேரில் வந்தது.

ரோடியோ மக்கள் பிடித்த காற்றும் குடிகாட்டு மக்கள் பிடித்த காற்றும் ஒரே வகையான வாளியில்தான் பிடிக்கப்பட்டன. ஆனால் ரோடியோவில் அதன் பக்கத்தில் ஓர் உடன்படிக்கை இருந்தது. கடலூரில் வாளி மட்டுமே இருந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே குடிகாட்டில் ஆலையொன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, கழிவுநீர் ஊருக்குள் பாய்ந்தது. அறிதல் இருந்தும், அளத்தல் இருந்தும், பிணிக்கும் எழுத்து இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தையும் இங்கே நினைவுகூர்கிறேன். ஆறுகளற்ற குடாநாட்டின் உயிர்நாடி கிணறு. அங்கே மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததாக எழுந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு இலங்கை உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு உச்ச அளவு 40,000 ரூபாய். நீதி கிடைத்தது என்பது பெரிது. ஆனால் ஒரு கிணற்றின் விலை 40,000 ரூபாயா என்று அந்த மண்ணில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கெட்டபின் பெறும் இழப்பீட்டை விட, கெடுமுன் பெறும் உடன்பாடு மேலானது.

நாம் செய்யத்தக்கவை

இப்படியெல்லாம் கேட்டால் தொழில் வளருமா, வேலைவாய்ப்பு வருமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ரோடியோவில் திட்டம் நின்றுவிடவில்லை; அனுமதி கிடைத்தது, ஆலை நடந்தது, தொழிலாளர்கள் வேலை செய்தனர். அயலவரோடு எழுத்தில் உடன்பட்ட நிறுவனத்துக்கு வழக்கும் மறியலும் குறையும். தொழில் இரகசியம் வெளிப்படும் என்பது மற்றொரு வாதம். எதை எப்படிச் செய்கிறீர்கள் என்று அயலவர் கேட்கவில்லை. எதை எங்கள் காற்றில் விடுகிறீர்கள் என்றுதான் கேட்கின்றனர்.

இந்திய நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அதனால் பள்ளிக் கட்டடங்களும் குடிநீர்த் தொட்டிகளும் வந்துள்ளன, மகிழ்ச்சி. எனினும் அந்த 2 விழுக்காடு மற்ற 98 விழுக்காடு எவ்வாறு ஈட்டப்பட்டது என்ற வினாவுக்கு விடையாகாது.

ஆகவே நான்கு செயல்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நாம் வேலை செய்யும் நிறுவனத்தில், நாம் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தில், அயலவரின் வினாக்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு யாருடையது என்று கேட்போம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அழகிய படங்கள் இருக்கும். அதில் இந்த ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம்.

இரண்டாவது, தாயகத்தில் புதிய ஆலைக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது சுருக்கம் மட்டுமே தமிழில் தரப்படுகிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் முழுமை ஆங்கிலத்தில் இருக்கிறது. நம்மிடையே வேதியியலாளர் உள்ளனர், நீரியல் அறிந்தோர் உள்ளனர், தமிழ் வல்லார் உள்ளனர். கூட்டத்துக்கு முன்னரே அவ்வறிக்கையைத் தமிழில் பெயர்த்து, ஊராரின் கையில் கொடுக்கும் பணியை நாம் இங்கிருந்தே செய்யலாம்.

மூன்றாவது, ஊராரே சேகரிக்கும் நீர், காற்று மாதிரிகளைத் தரமான ஆய்வகத்தில் சோதிப்பதற்கான செலவை ஏற்போம். ஊருக்குக் கோவில் கோபுரமும் பள்ளி வாயிலும் கட்டித்தரும் நம் சங்கங்களுக்கு இது பெரும் சுமையன்று.

நான்காவது, எல்லாவற்றிலும் முதன்மையானது. தமிழ்நாட்டில் ஆலைகள் இயங்க மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். மான்செஸ்டரும் ரோடியோவும் நமக்குக் கற்பிப்பது இதுதான்: உரிமம் கோரும் நேரமே அயலவரின் நேரம். ஊராரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை இசைவாணையின் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை நாம் எழுப்புவோம். புலம்பெயர்ந்தோரின் முதலீட்டை நாடித் தாயக அரசுகளின் பேராளர்கள் இங்கே வரும்போது, வரவேற்று மாலை அணிவிப்பதோடு நில்லாமல், இந்த ஒரு கோரிக்கையையும் அவர்கள் கையில் கொடுப்போம்.

உறவுகளே, நாம் வேலியின் இருபுறமும் நிற்பவர்கள். பகலில் நிறுவனத்தின் உள்ளே பொறியாளராக. மாலையில் அதே நிலத்தடி நீரைக் குடிக்கும் குடும்பமாக. கடலூரிலும் சுன்னாகத்திலும் நம் உற்றார் வேலிக்கு வெளியே நிற்கின்றனர். ஆகையால் இருதரப்பின் மொழியும் அறிந்த நாமே இடைநின்று பேசத் தக்கவர்கள். பேசாதிருக்க நமக்குச் சாக்குப்போக்கு ஏதும் இல்லை.

அந்த மூதாட்டி கேட்ட வினாவுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். உங்களிடம் அத்தகைய வினாவை யாரேனும் கேட்டால், என்னைப் போல் ஒதுங்கிவிடாதீர்கள். விடையைத் தேடி எடுத்துக்கொண்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.